மாமரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

எழிலரசிக்குக் கோபம் வந்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் காம்பவுண்டு முடிகிற இடத்தில் தொடங்கும் அந்த ஊரில், குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைக்கத் துணிந்தவர் யாருமில்லை. கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் நாகப்பன் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தக் கோபம்தான் அவளுக்குக் கதவும் தாழ்ப்பாளும். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சாம்பார் தாளிக்கும் வேலை. வீட்டின் பின்னால் ஷீட் போட்ட அறைகள் கட்டி, தெற்கத்திப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். எல்லாம் செல்போன் கம்பெனிக்கு ஷிப்டு போகிற பெண்கள்.

அந்த அறைகளில் மனிதர்கள் குடியிருக்க முடிந்ததற்கு ஒரே காரணம் முற்றத்து மாமரம். கிளிமூக்கு மரம். அவள் வாழ வந்தபோதே ஓட்டுக்கு மேலே நின்றது. இப்போது ஷீட் கூரை முழுக்க அதன் நிழலில்தான். சித்திரை வெயிலில் மற்ற வீட்டு ஷீட் அறைகளில் ஆட்கள் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு புரளும்போது, இங்கே நைட் ஷிப்டு முடித்து வந்த பெண்கள் பகலில் தூங்கினார்கள். மரம் போனால் பெண்கள் போவார்கள். பெண்கள் போனால் எழிலரசி கொழுந்தனார் வீட்டுச் சோற்றுக்குக் கையேந்த வேண்டும். அதைவிட அவளுக்குச் சாவது மேல்.

கொழுந்தனார் என்பது வாய்ப்பேச்சுக்கு. நாகப்பனின் அண்ணன் தாண்டவராயன். எதிர்வரிசையில் வீடு. கம்பெனிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். லாரியைத் திருப்பும்போதெல்லாம் மாங்கிளை டேங்க்கின் மேல் உரசும். வெட்டிவிடு, லாரிக்கு ஷெட்டு போடலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் முறைத்துக்கொண்டே இருப்பாள்.

அந்தக் கோடையில் மரத்தின் இலைகள் நுனியில் கருகத் தொடங்கின. யாரோ பீடி நெருப்பால் ஒவ்வொன்றாகச் சுட்டதுபோல, நுனியிலிருந்து ஓரம் வழியாகக் கருகல் இறங்கியது. பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவிலேயே உதிர்ந்தன. வெயில் என்றார்கள். கம்பெனிப் புகை என்றார்கள். மரத்துக்கு வயசாகிவிட்டது என்றார் தாண்டவராயன், கேட்காமலேயே.

அந்தச் சொல்தான் அவளை உசுப்பியது. அன்று மாலை கேன்டீனிலிருந்து வந்ததும் அடிமரத்தைச் சுற்றி அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளையின் வாயில் மரத்தூள். விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தாள். பெருங்காயம். பச்சை மரத்தைப் பட்டுப்போக வைக்க நினைப்பவன் தண்டில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்து அடைப்பான் என்பது அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். துணிமணி மாற்றக்கூட நிற்கவில்லை. தெருவுக்கு வந்தாள். இரண்டு கையாலும் மண்ணை வாரித் தாண்டவராயன் வாசலை நோக்கி வீசினாள். பெருங்காயம் வைத்திருக்கிறான், மோந்து பார்த்தேன், பச்சை மரத்தைக் கொன்றவன் குடும்பம் பட்டுப்போகட்டும் என்று கத்தினாள். மண் வாரித் தூற்றுவது அங்கே சாதாரணப் பேச்சில்லை. அதன் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் இந்தப் பக்கம் தலை திருப்பவில்லை. லாரியைக்கூட அடுத்த தெருவில் நிறுத்தினார்கள்.

துளையைச் சாணியும் செம்மண்ணும் வைத்து அடைத்தாள். மரத்துக்கு இன்னும் கூடுதலாகத் தண்ணீர் விடச் சொல்லிப் பெண்களை விரட்டினாள். கருகல் நிற்கவில்லை. வடக்குக் கிளை மொத்தமாக உதிர்ந்து, குச்சியாக நின்றது.

ஒரு விடுமுறை நாளில் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முற்றம் முழுக்க சிமெண்டுத் தரை. நாகப்பன் செத்த வருஷம் அறைகள் கட்டும்போது தாண்டவராயன் ஆள் வைத்துப் போட்டது. மரத்தடியில் மட்டும் ஒரு முறம் அளவுக்கு மண் தெரியும். அந்த மண்ணின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கோலமாவு என்று நினைத்துக் காலால் தேய்த்தாள். பொருக்காகப் பெயர்ந்தது. குனிந்து ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள்.

கடல் உப்பு மாதிரிக் கரித்தது.

தலைக்கு மேலே சுவரோரமாக ஒரு நீலக் குழாய் வந்து, சரியாக அந்த இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் அவளே வாங்கி மாட்டிய ஆர்.ஓ. மிஷினின் கழிவுக் குழாய். போர் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியவில்லை என்று பெண்கள் அழுததால் மாட்டியது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் கழிவு போகும். வீணாகப் போகலாமா என்று மரத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

அறைக் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினாள். தூக்கக் கண்ணோடு செல்வலட்சுமி வந்தாள். புளியங்குடிப் பக்கத்துப் பெண், குடியிருப்பவர்களில் பொறுப்பானவள்.

"இந்தக் குழாய எவடி மரத்தாண்ட உட்டது?"

"நாந்தாங்க்கா. நீங்கதான சொன்னீய, ஒரு சொட்டு சாக்கடைக்குப் போவக்கூடாதுன்னு. பாத்திரம் கழுவுத தண்ணியக்கூட நான் இதுலதான ஊத்துதேன்."

அறைய ஆள் தேடி வந்த எழிலரசியின் கை அப்படியே நின்றது. சொன்னது அவள்தான். தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கிற மிஷின் என்று பெருமையாகச் சொல்லிச் சொல்லி மாட்டினாளே, எடுத்த உப்பு எங்கே போகும் என்று ஒருநாளாவது கேட்டாளா? விற்றவன் சொன்னானா? ஆகாயத்துக்கா போகும்? நீலக் குழாயைப் பிடித்து இழுத்தாள். கிளிப்போடு பிய்ந்துகொண்டு வந்தது.

செல்வலட்சுமியின் அப்பா ஊரில் எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர். போனில் கேட்டாள். உப்பு ஏறிய மண்ணை நல்ல தண்ணீரால் அலசித்தான் இறக்க வேண்டும், அதுவும் அடிமரத்தில் விடக்கூடாது, நிழல் முடிகிற இடம் வரைக்கும் விட வேண்டும் என்றாராம். நல்ல தண்ணீர். எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது, கோபத்தில் வருகிற சிரிப்பு. வீட்டு போரும் உப்பு. அக்கம்பக்கத்து போரும் உப்பு. மழைக்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. ஏரியோரக் கிணற்றிலிருந்து இனிப்புத் தண்ணீர் ஏற்றி வருகிற லாரி ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

அடுத்த தெருவில் லாரி நின்ற இடத்துக்கு அவள் போனபோது தாண்டவராயன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மாமா, மரத்துக்கு ஒரு லோடு தண்ணி வோணும்."

"பெருங்காயம் வச்சவன்கிட்டயா கேக்கற?"

"நீங்க வெக்கல. உப்புத் தண்ணி ஊத்திகினு இருந்துகீறோம். எனக்குத் தெரியல."

"மோந்து பாத்தேன்னு சொன்னியே, அது?"

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "உன் கைய மோந்து பாரும்மா. தெனம் ஆயிரம் பேருக்குத் தாளிக்கற கை. அதுல பெருங்காயம் வராம மல்லியப்பூவா வரும்? வண்டு போட்ட ஓட்டைக்கு என் பேரன் பேத்திங்களச் சேத்துச் சபிச்சிட்ட."

விரலை மோந்து பார்க்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை. அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆத்திரத்தில் கண் கலங்கியது. அவர் சொன்னார்: "எந்தத் தெருவுல நின்னு மண்ண வாரி உட்டியோ, அந்தத் தெருவுல நின்னு சொல்லு. அப்பறம் வண்டிய எடுக்கறேன்."

அவள் விடுவிடுவென்று தங்கள் தெருவின் நடுவுக்கு வந்தாள். தன்னைத் திட்டுவதற்கும் அவளுக்கு அதே குரல்தான் இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எங்க மாமா மரத்துமேல கை வெக்கல. நான்தான் உப்ப ஊத்திக் கொன்னுகினு இருந்தேன். உட்ட சாபம் எனக்கே."

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு கேட்டில் சாய்ந்தபடி, "கொஞ்சம் சத்தமா சொல்லு எழிலு, உள்ள டிவி ஓடுது" என்றாள். எழிலரசி திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் உள்ளே போய் டிவியையே நிறுத்திவிட்டாள்.

மறுநாள் லாரி வந்தது. வால்வைத் திறந்ததும் தண்ணீர் சிமெண்டின் மேல் வழுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. மரத்தடியில் ஒரு கை மண்கூட நனையவில்லை. தாண்டவராயன் வால்வை மூடினார். இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கும் முன் அவர் கடப்பாரை எடுக்கப் போய்விட்டார்.

அடிமரத்தை ஒட்டிக் கடப்பாரையை ஓங்கியபோது அவள் குறுக்கே வந்து நின்று கத்தினாள். வேர் போகும், நிழல் முடிகிற இடத்திலிருந்து வா என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே அங்கிருந்து உடைத்தார். தூங்க வேண்டிய பெண்கள் சிமெண்டுத் துண்டுகளைச் சட்டியில் சுமந்தார்கள். தான் போட்ட தரையைத் தானே பெயர்ப்பது பற்றித் தாண்டவராயன் ஒரு வார்த்தை பேசவில்லை. எழிலரசி அதைப் பற்றி நிறையப் பேசினாள். பாத்தி கட்டி மறுபடி வால்வைத் திறந்தபோது தண்ணீர் ஒரு கணம் நின்று, குமிழி விட்டு, உள்ளே இறங்கியது. பெயர்த்த இடமெல்லாம் உதிர்ந்த சருகைப் பரப்பினார்கள். பிறகும் பல லோடு வந்தது.

மரத்தின் தெற்குப் பக்கம் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டது, நுனி கருகாத கொழுந்து. வடக்குக் கிளை திரும்பவில்லை. பச்சை வரட்டும் என்று காத்திருந்து, சுரண்டிப் பார்த்தால் உள்ளே காய்ந்த பழுப்பு. பட்டதை மட்டும்தான் வெட்ட வேண்டும் என்று எழிலரசி கீழே நின்று காவல் காக்க, தாண்டவராயன் ஏறி அதை அறுத்து இறக்கினார்.

வடக்கு ஓரத்தில் இருந்தது செல்வலட்சுமியின் அறை. இருந்த குச்சி நிழலும் போக, அன்று பகலில் ஷீட் இன்னும் கொதித்தது. சாயங்காலம் எழிலரசி தன் துணிமணியையும் பாயையும் வாரிக்கொண்டு வந்து அந்த அறைக்குள் போட்டாள்.

"உன் மூட்டைய எடுத்துகினு என் ரூமுக்குப் போ."

"எதுக்குக்கா? நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

"போடின்னா போ. பகல்ல தூங்கறவ நீயா, நானா?"