அலமாரிக்குள் நீலப்படம்

கார்க் கண்ணாடியில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, கருப்பு ஒட்டுத்தாளை விரித்து, ரப்பர் பட்டையால் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே சுகுமாறன் ஜான் ஹெர்ஷலைப் பற்றிப் பேசுவார். யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தம்போயில் இருக்கும் அவர் கடைக்கு ஆட்கள் வெயிலை மறைக்க வருகிறார்களே தவிர, வானசாஸ்திரம் படிக்க வருவதில்லை.

"அப்பங்காரரு யுரேனஸ கண்டுபிடிச்சாரு. மவன் சும்மா இருந்தாரா? தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி, நாலு வருசம் தெக்கால நட்சத்திரமெல்லாம் பாத்து எழுதுனாரு."

"அங்கிள், காடி எப்ப ரெடி?" என்றான் ஒருநாள் காரைக் கொண்டுவந்திருந்த யுகேந்திரன். சிங்கப்பூரில் வேலை, எல்லைப் பாலத்தில் நெரிசல் கூடுமுன் போயாக வேண்டும்.

"அவரு நாலு வருசம் பொறுத்தாரு. ஒனக்கு நாப்பது நிமிசம் பொறுக்கல."

அந்த ஊர்ப் பூக்களையும் ஹெர்ஷல் வரைந்திருக்கிறார். கோடு அவர் போடுவார், மனைவி மார்கரெட் வண்ணம் தீட்டுவார். இந்த இடத்தில் சுகுமாறனின் கை சற்று நிற்கும். "எங்க வூட்லயும் அதான்லா. நான் கோடு, அவ கலரு. இப்ப கோடு மட்டும் நிக்கிது. அதுவும் கோணக் கோடு."

மனைவி தேன்மொழி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கருமாதிக்கு ஸ்டூடியோவில் போட்டுக் கொடுத்த படத்தில் அவள் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. மூக்கோரத்து மச்சத்தையும் அழித்துவிட்டார்கள். "நகைக்கடை விளம்பரத்துப் பொம்பளைக்கு மாலை போட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லிப் பொறுக்காமல், வீட்டிலேயே படம் போடும் வழியைப் போனில் தேடினார். அங்கேதான் ஹெர்ஷல் அகப்பட்டார். இரண்டு ரசாயனம், ஒரு காகிதம், கொஞ்சம் வெயில், பிறகு தண்ணீரில் ஓர் அலசல். நீல நிறத்தில் படம் விழும். நூற்றெண்பது வருடத்துக்கு முன் அவர் கண்டுபிடித்தது.

முதல் படத்தில், காகிதத்தின் மேல் வைக்கும் பிலிமில் கருப்பையும் வெள்ளையையும் மாற்றிப்போட மறந்துவிட்டார். தேன்மொழி முடியெல்லாம் நரைத்து வந்தாள். "கெழவியாயிட்டா" என்று சிரித்தவர், அதைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டார். இருந்திருந்தால் இப்படித்தான் நரைத்திருப்பாள்.

இரண்டாவது படம் அச்சு அசல். மச்சமும் வந்தது. சட்டம் போட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினார். மூன்றே மாதத்தில் முகம் வெளிறி, வெறும் காகிதம்போல் ஆனது. மற்றவர்கள் சொல்லுமுன் அவரே எல்லாரிடமும் சொன்னார்: "இருவத்திரெண்டு வருசமா ஊரான் காடிக்கு வெயில மறைச்சவன், சொந்தப் பொண்டாட்டிய வெயில்ல தொங்கவுட்டேன். அலமாக்!"

இருட்டில் வைத்தால் அந்த நீலம் தானாகவே திரும்பும் என்று மகள் பிரவீனா படித்துச் சொன்னாள். படம் தேன்மொழியின் அலமாரிக்குள், சேலைகளுக்கு நடுவே போயிற்று. திதிக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்கு இந்தப் படத்துக்குத்தான் மாலை என்று பத்து பாகாட் ஊரில் இருக்கும் மச்சான் ஐயாசாமி வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

காலையில் ஒரு தடவை, கடைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அலமாரியைத் திறப்பார்.

"இப்படித் தெறந்து தெறந்து பாத்தா எப்படிப்பா வரும்? ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் உள்ள போவுதுல்ல?"

"அவ இருந்தப்ப இத்தன தடவ பாத்ததில்லம்மா. பழக்கமில்லாத வேல, அதான் தப்பா செய்றேன்."

திதியன்று விடியலில் பார்த்தபோது கூந்தல் திரும்பியிருந்தது, பொட்டும் திரும்பியிருந்தது. முகம் இன்னும் புகைபோல் இருந்தது. மச்சம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூடியோ படத்து நகைக்கடைக்காரிக்கே மாலையைப் போட்டார்.

"மாப்ள, எங்க ஒங்க வெள்ளக்காரன் படம்?" என்றார் ஐயாசாமி, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"பாதி வந்துட்டா மச்சான். மீதிக்கு நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

சிரிப்பு அடங்கியதும் படையல் நடந்தது. எல்லாரும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வடை எங்கே, இலை எங்கே என்று பேச்சு சமையலறைப் பக்கம் திரும்பியது. சுகுமாறன் கற்பூரத் தட்டோடு படுக்கையறைக்குப் போனார். மூடிய அலமாரிக்கு முன்னால் நின்று, வலது கையால் மூன்று சுற்று ஆரத்தி காட்டினார். கதவிடுக்கு வழியாகச் சுடரின் வெளிச்சம் உள்ளே போய்விடாதபடி, இடது உள்ளங்கையை அந்த இடுக்கின்மேல் அழுத்தி வைத்திருந்தார்.