சாவியைத் தர மறுத்தவர்

இரண்டு வருடம் இருக்கும். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நானும் என் வீட்டுக்காரரும் காரில் பொள்ளாச்சி போய்க்கொண்டிருந்தோம். கிணத்துக்கடவு தாண்டியதும், முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிப் போன டெம்போ பிரேக் போட, இவர் அதன் பின்னால் கொண்டுபோய் முட்டிவிட்டார். சீட் பெல்ட் என்றாலே இவருக்கு ஆகாது. ஸ்டீரிங் நெஞ்சில் பலமாக இடித்துவிட்டது.

நம்மூர் மரியாதையைக் கேட்க வேண்டுமா! "தப்பு என்மேலதானுங்க" என்று இவர் சொல்ல, "இல்லீங்க, நாந்தான் சடார்னு நிறுத்திப்போட்டனுங்க" என்று டெம்போக்காரர் சொல்ல, நடுரோட்டில் சம்பந்தி உபசாரம்தான். எனக்கோ மதியத்துக்குள் ஐந்து வீடு முடித்தாக வேண்டும்.

கிளம்பும்போது டெம்போக்காரர் சட்டென்று ஜன்னல் வழியாகக் கைவிட்டுக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். "அண்ணன் நெஞ்சைத் தேச்சுட்டே இருக்கறாருங்க. ஆஸ்பத்திரில காட்டிப்போட்டுப் போங்க."

"ஒரு கீறல்கூட இல்லீங்களே" என்றார் இவர். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வழிப்பறியா, போலீசைக் கூப்பிடட்டுமா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மரியாதையெல்லாம் பறந்துபோய், 'நீ', 'போ' என்று இறங்கிவிட்டேன்.

அவர் கோபப்படவே இல்லை. "கூப்புடுங்கக்கா. எங்கண்ணனும் இப்படித்தான் ஒண்ணுமில்லீன்னு ஊட்டுக்குப் போனாருங்க. சோத்துக்கு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லீங்க."

நான் இறங்கி இவரைப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். டெம்போவை ஓரம் கட்டிவிட்டு, அவரே எங்கள் காரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு சீராக இல்லை. வெளியே காயம் இல்லாவிட்டாலும் இதயத் தசையில் அடிபட்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லி, ஐசியுவில் வைத்தார். மறுநாள் காலை மெஷின் அலற, எல்லோரும் ஓடினார்கள். ஷாக் கொடுத்துத்தான் துடிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வீட்டில் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் நேராகவே சொன்னார்.

குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. இவர் நின்று தாரைவார்த்துக் கொடுத்தார். குடும்பத்தோடு வந்திருந்த டெம்போக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "அட உடுங்கக்கா, ஊட்டுக்காரர் மேல இருக்கற பாசத்துலதானுங்க வஞ்சீங்க" என்று சிரித்தார்.

இன்று இவர் தெம்பாக நடமாடுகிறார், மனசு நிறைந்திருக்கிறது. ஆனாலும் அன்று நான் வைதது பாசத்தில் இல்லை, ஐந்து வீட்டுக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.