தாயும் சேயும் நலம் என்று எழுதினேன்

கிராம சுகாதார நர்ஸ் வேலையில் குழந்தையை எடை போடத் தராசு கொடுப்பார்கள். பெற்றவளின் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க எங்கள் ரிஜிஸ்டரில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, சாயங்காலத்துக்குள் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியாக வேண்டிய வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மரக்காணம் உப்பளப் பக்கம் 2005, 2006-ல் நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம்

கலாவுக்குத் தலைப்பிரசவம். புருஷன் முருகன் உப்பளத்தில் கூலி. பிரசவமாகி மூன்றாவது வாரம் நான் போனபோது குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அவள் இரண்டடி தள்ளி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமியார் அஞ்சலைதான் ஓடிவந்து தூக்கினாள். "சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. சும்மா சும்மா அழுவுறா நர்சம்மா" என்றாள்.

ரத்தப்போக்கு, காய்ச்சல், பால் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில். "புள்ள முகத்தப் பாரு, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சத்து மாத்திரையைக் கொடுத்து, 'தாயும் சேயும் நலம்' என்று எழுதினேன். பிரம்மதேசத்தில் தடுப்பூசி முகாம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை வந்த கலா கேட்டாள்: "இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறீங்களாக்கா?"

வரப்பில்

பத்து நாள் கழித்து ஒரு காலையில், கலா குழந்தையைத் துணியில் சுற்றி உப்புப் பாத்தி வரப்பில் படுக்க வைத்துவிட்டு, கால்வாயைப் பார்த்து நடந்தாள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஓடிப்போய் அவளைத் தண்ணீர் ஓரத்தில் பிடித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிப்பவருக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

இந்தத் தடவை உட்கார்ந்தேன். ரிஜிஸ்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கலா மெதுவாகச் சொன்னாள்: "புள்ளயப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலக்கா. நான் இல்லாட்டிதான் அவன் நல்லா இருப்பான்."

பஸ் ஸ்டாண்டில்

அன்றைக்கே பாண்டிச்சேரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். அந்த டாக்டரம்மா முருகனை உட்கார வைத்துப் பேசினார். "இது பேயும் இல்ல, திமிரும் இல்ல. பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு வர்ற மனச்சோர்வு. குணமாகும்." மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், ராத்திரியில் வேறு யாராவது குழந்தையைப் பார்த்துக்கொண்டு இவளைத் தூங்கவிடுங்கள், தனியாக விடாதீர்கள், வாரம் ஒருமுறை வந்து என்னோடு பேசட்டும் என்றார். நன்றாகிவிட்டாலும் ஆறு மாசமாவது மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கடைசியாக என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஒன்றரை மாசத்தில் கலா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். மகனை மடியில் போட்டுக் கொஞ்சியதை என் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் முருகன், "நல்லாத்தான் இருக்குறா, மாத்திரைய நிறுத்திடலாங்களா?" என்று கேட்டான். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "வந்து பேசறேன்" என்று ஏறிவிட்டேன். போகவில்லை. மூன்று வாரம் வேறு ஊர்களில் சொட்டு மருந்து வேலை.

திரும்பிப் போனபோது மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள்; கலா பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டிருந்தாள். வரப்பில் நடந்தது மறுபடி நடந்துவிடுமோ என்ற பயத்தில் குழந்தையை அஞ்சலை வைத்துக்கொண்டு, இவளைப் பிரம்மதேசத்திலிருக்கும் தாய் வீட்டுக்கு அனுப்பத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். முருகன் கோபப்படவில்லை. "நிறுத்த வேணாம்னு நீங்க சொல்லலியேங்க" என்றான்.

வியாழக்கிழமை

அதற்கப்புறம் நான் குழந்தைக்கு முன்னால் தாயைப் பார்க்கப் பழகினேன். மறு வருஷம் ஸ்டெல்லாவுக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்தது. அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லை. உடனே அதே டாக்டரிடம் காட்டினோம். இவளுக்கு இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை, பேச ஆள் வேண்டும், தூக்கம் வேண்டும், சோர்வு கூடினால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். நாத்தனார் ராத்திரியில் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். நான் வியாழன்தோறும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். புத்தி ஒன்றும் சொல்லவில்லை, கேட்டேன். மூன்றாவது மாசம் ஸ்டெல்லா உப்பள வேலைக்குத் திரும்பினாள். கிளம்பும்போது சொன்னாள்: "அழுவாதன்னு சொல்லாத மொத ஆளு நீங்கதாங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வேறொருத்தி ஞாபகம் வந்தது.

பூஸ்டர் ஊசி

தாய் வீட்டிலிருந்த கலாவை நானே டாக்டரிடம் திரும்பக் கூட்டிப்போயிருந்தேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்த ஒரு வருஷம் ஆனது. கலா தேறி முருகன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒன்றரை வயசு ஊசிக்கு மூன்று பேராக வந்தார்கள். ஊசி போட்டதும் பையன் வீறிட்டு, கலா நீட்டிய கையை விட்டுவிட்டு, "அம்மா" என்று அஞ்சலையிடம் தாவினான். அஞ்சலை சங்கடத்தோடு அவனைக் கலாவிடம் கொடுக்கப் பார்த்தாள், அவன் போகவில்லை.

நான் அட்டையில் தேதி எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். கலாதான் என்னைத் தேற்றினாள்: "பரவாயில்லக்கா. என்னையும் இப்ப கூப்புட ஆரம்பிச்சிருக்கான். மத்தவங்க கூப்புடறதக் கேட்டு, கலான்னு."

நான் ஓய்வு பெற்ற அன்று, என் பொறுப்பில் இருந்த ஊர்களில் பிரசவத்தில் ஒரு தாயைக்கூடப் பறிகொடுக்கவில்லை என்று பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் மறுத்துப் பேசாமல் போட்டோவுக்கு நின்றேன்.