அக்காவின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வேண்டாம்

அக்காவின் இந்த நினைவு மலரின் அச்சுப்படி மூன்று முறை வந்தது. "உயர்குடியில் பிறந்த" என்று தொடங்கும் முன்பக்க வரியை மூன்று முறையும் அடித்து நீக்கினேன். மூன்று முறையும் அது திரும்பி வந்தது. அச்சகத்தில் கேட்டால், "ஒங்க பெரியப்பா போன் பண்ணி வெக்க சொல்றாரு சார், நான் இன்னா பண்றது?" என்கிறார். பெரியப்பாவிடம் கேட்டால், "அது இல்லாட்டி வர்றவங்க இன்னாடா நெனப்பாங்க?" என்கிறார். முன்பக்கத்தில் நான் தோற்றுவிட்டேன், பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கமாவது நான் எழுதியபடி வரட்டும்.

அக்கா செங்கல்பட்டில் பிறந்தார். ரயில் போகும்போதெல்லாம் பாத்திரங்கள் ஆடும் வாடகை வீடு. எங்கள் உயர்குடிக்கு அங்கே ஒரே ஒரு மின்விசிறி. அக்கா தட்டச்சு பயின்று கல்பாக்கத்தில் பணிக்குச் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது சுற்றியது. பட்டத் தேர்வை என்னை மூன்று முறை எழுத வைத்தவரும் அவரே. மூன்றாவது முறை, திருத்தியவருக்கே அலுத்துப்போய் என்னைத் தேற்றிவிட்டார் என்பது என் கணிப்பு.

தமிழில் மட்டும் நான் புலி. நற்குடிப் பிறந்தோர் என்றால் பொய் பேசாதவர், வந்தவரை முகம் கோணாமல் உபசரிப்பவர் என்று பொருள் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். ஆனால் எங்கள் வீட்டில் உயர்குடி என்ற சொல் கதவைச் சாத்துவதற்கு மட்டுமே பயன்பட்டது.

தொண்ணூறுகளில், அக்காவோடு பணியாற்றிய புதுப்பட்டினத்துக்காரர் ஒருவர் தம் தாயோடு வந்து முறைப்படி பெண் கேட்டார். மீனவர் குடும்பம். அப்பா, "யோசிச்சி எழுதி அனுப்புறோம்" என்றார். எழுதியவன் அடியேன். "உயர்குடியில் பிறந்த எம் மகளுக்கு இச்சம்பந்தம் பொருந்தாது." கொடுத்துவரவும் நானே போனேன்.

பையிலிருந்து உறையை எடுப்பதற்குள் அந்த அம்மா சோறு போட்டுவிட்டார். நான்கு துண்டு வஞ்சிர வறுவல் தின்று, கை கழுவி, அதற்குப் பிறகு கடிதத்தை நீட்டினேன். மகன் வாய்விட்டுப் படித்தார்.

"உயர்குடின்னா இன்னா நைனா?"

"பெரிய வூட்டுக்காரங்களாம்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "பெரிய வூட்டுப் புள்ளயா நீ? அதான் கூச்சப்பட்டுகினு நாலோட நிறுத்திட்ட."

அது கேலியா, உபசாரமா என்று இன்றுவரை தெரியவில்லை. பேருந்து வரும்வரை ஏப்பம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் பணி முடிந்து வந்த அக்கா, "ஒன் கையெழுத்து அழகா கீதுன்னாருடா" என்றார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அதன் பிறகு எந்த வரனுக்கும் அக்கா சம்மதிக்கவில்லை. புதுப்பட்டினத்துக்காரரும் மணம் செய்துகொள்ளவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரே அலுவலகத்துக்குப் போய்வந்தார்கள்.

அக்கா மருத்துவமனையில் படுத்தபோது, உயர்குடி உறவினர் நாங்கள் ஆப்பிளோடு போய், ரயில் நேரம் பார்த்துக் கிளம்பினோம். புதுப்பட்டினத்திலிருந்து மட்டும் தினமும் கஞ்சி வந்தது. அந்த அம்மா காய்ச்சியது. மகன் கொண்டுவந்து ஊட்டியது.

கடைசி வாரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார். "அந்த லெட்டர நீதானே எழுதின? நீயே மாத்தி எழுதிக் குடு."

"நாளைக்கு எழுதறேன்க்கா" என்றேன். எனக்கு எப்போதும் நாளைக்குத்தான். அக்காவுக்கு நாட்கள் தீர்ந்துவிட்டன.

ஓராண்டு தாமதமாக இதுதான் அந்தக் கடிதம். அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. புதுப்பட்டினத்து அம்மாவுக்கும் மாமாவுக்கும் நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆம், மாமா என்றுதான் எழுதியிருக்கிறேன். பெரியப்பா அச்சகத்துக்குப் போன் செய்யவேண்டாம்.

அம்மா, நினைவு நாள் பந்தியில் குடும்பத்தார் வரிசையின் முதல் இரண்டு இலைகள் உங்களுக்கும் மாமாவுக்கும். பரிமாறப் போவது நான். தயவுசெய்து நாலோடு நிறுத்திவிடாதீர்கள்.