இரண்டு கையெழுத்து

அம்மா இறந்தபோது எனக்குப் பதினெட்டு முடிந்து நான்கு மாதம். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். தங்கைக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. அப்பா அம்மா வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கைமாறிய பிறகு ஈப்போ நகரத்துக்கு வந்து, சிலிபின் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நான் சட்டைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்ததுமே உறவினர்கள் பிள்ளைகளைப் பங்கு போட்டுவிட்டார்கள். தம்பி தெலுக் இந்தானில் மாமா வீட்டுக்கு. தங்கை சிலிம் ரிவரில் சித்தப்பா வீட்டுக்கு. முடியாது என்றேன். பதினெட்டு ஆனால் சட்டப்படி பெரிய ஆள் என்று தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். மறுநாள் லீவு போட்டுவிட்டு, இவர்களை நானே வளர்க்கிறேன் என்று கேட்க, பிள்ளைகளோடு சமூகநல அலுவலகத்தில் போய் நின்றேன். மாமாவும் பின்னாலேயே வந்துவிட்டார்.

அதிகாரி தமிழ்ப் பெண்மணி. கழுத்தில் சின்னச் சிலுவை. பிள்ளைகளை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒனக்குக் கல்யாணம்னு வந்தா இந்தப் புள்ளைங்க?"

"தெரியல மிஸ்."

"களைச்சுப் போயிட்டா?"

"இப்பவே களைப்பாத்தான் இருக்கு. நேத்து தம்பிய அடிச்சிட்டேன். சோறு வேணாம்னான்."

மாமா குறுக்கே வந்தார். "பாத்தீங்களா மிஸ்? இதுவே சின்னப் புள்ளலா. இது எப்படிப் பாத்துக்கும்?"

அதிகாரி மாமாவைப் பார்க்காமல் என்னிடமே கேட்டார். "அடிச்சிட்டு என்ன பண்ணுன?"

"ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் மீ கோரிங் வாங்கிக் குடுத்தேன்."

பிள்ளைகள் என்னோடு இருக்கலாம் என்றார். ஆனால் எனக்கு இருபத்தொன்று ஆகும்வரை முக்கியமான தாள்களில் என்னோடு மாமாவும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது. பாதி நம்பிக்கை என்ன நம்பிக்கை? பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மாமாவுக்கு முன்னால் நடந்தேன்.

அடுத்த வருஷம் தம்பி ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். மாமா இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் ஆபரேஷனுக்கான ஒப்புதல் ஃபாரத்தை அவரிடம்தான் நீட்டினார். மாமா அதை என் பக்கம் தள்ளினார்.

"அது வளக்கிற புள்ள டாக்டர். மொதல்ல அது போடட்டும்."

பேனாவை எடுத்துவிட்டு மாமாவைப் பார்த்தேன். "மயக்க மருந்து குடுக்கலாமா மாமா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு பாப்பா. கேட்டுப் பாப்போம்."

இருவருமாக டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். பிறகு நான் போட்டேன். அதற்குக் கீழே மாமா கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார். பயத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருவரைச் சட்டப்படி எனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. அந்த அதிகாரியை மனதுக்குள் கும்பிட்டேன்.

எனக்கு இருபத்தொன்று ஆனதும், அதுவரை அவ்வப்போது எங்களைப் பார்த்துப்போன அந்த அதிகாரி கடைசியாக ஒருமுறை வீட்டுக்கு வந்து, மைலோ குடித்துவிட்டு, இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிப் போனார். மாமாவுக்கும் இனிக் கையெழுத்துப் போடும் வேலை இல்லை. ஆனாலும் மாதம் தவறாமல் வந்தார், சும்மா எங்களைப் பார்க்க.