சங்கு ஊதியதும் ஓடினோம்

திருவொற்றியூரில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிப் பல வருடமாகிறது. கூரை இடிந்து, உள்ளே முள்மரம் மண்டிவிட்டது. போன மாதம் ஒரு காலையில் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று தொழிற்சாலைச் சங்கு ஊதியது.

"மாமு, கம்பெனிய தொறந்துட்டானுங்கோ!" என்று கத்திக்கொண்டே ஓடினான், என்னோடு அங்கே வேலை பார்த்த பக்கத்து வீட்டு தேசிங்கு. முகத்து நுரையைக்கூடத் துடைக்காமல் நானும் ஓடினேன். தெருவில் பழைய ஆட்கள் பலர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கேட் திறந்துதான் இருந்தது. உள்ளே சினிமா ஷூட்டிங். படத்தில் அது ரவுடிகள் பதுங்கும் இடமாம். ஏதோ ஒரு காட்சிக்காகச் சங்கைச் சரிசெய்து ஊதவிட்டிருக்கிறார்கள்.

கேமரா பக்கத்தில் நின்றவனுக்கு எங்களைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். "செம நேச்சுரல் சார்! அப்படியே இன்னொரு தடவை ஓடி வாங்க."

தேசிங்கு அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "இன்னாடா, எங்க பொயப்பு போன எடம் உனக்கு வேடிக்கையா கீதா?"

நான்தான் விலக்கிவிட்டேன். அந்தக் கேமராக்காரன் யாரோ, அவனை அடித்து என்ன ஆகப்போகிறது. நாங்கள் கேட் முன்னால் நின்று கெஞ்சியபோதெல்லாம் திறக்காத முதலாளி, சினிமாவுக்கு என்றதும் திறந்திருக்கிறான். அந்த முதலாளி மேல் உள்ள ஆத்திரம் எனக்குப் பழகிப்போனது.

மறுநாளும் சங்கு ஊதியது. சினிமா என்று தெரிந்தும் என் கால்கள் எழுந்து நின்றுவிட்டன. அந்தக் கால்கள் மேல் வந்த ஆத்திரம்தான் இன்னும் ஆறவில்லை.