புன்னைக் கொம்பில் போட்ட கட்டு

என் கணவருக்குக் கடல் தாண்டி ஒரு சின்னத் தீவில் கட்டட வேலை. அன்று வீடியோ காலில் ஒரு புன்னைக் கொம்பைக் காட்டினார். அதன் நுனியில் கிண்ணம்போல ஒரு கூடு. செம்பழுப்பு முதுகுள்ள சிறு பறவை அதில் அடைகாத்துக்கொண்டிருந்தது. கருநீல ஆண் பறவை, உடம்பைவிட நீளமான வாலை இழுத்துக்கொண்டு பறந்து, ஈயைப் பிடித்து வந்தது.

"இந்த ஈபிடிச்சான் உலகத்துல வேற எங்கயும் கெடையாதாம். ஒரு கூட்டுல ஒரே முட்டை," என்றார். அதே மூச்சில், "நாளைக்கு மாடிக்குக் கான்கிரீட்டு வார்ப்பு உண்டு. கொம்பு இடிக்குது, வெட்டணும்," என்றும் சொன்னார்.

வந்ததே எனக்குக் கோபம்!

"வெட்டிட்டு எனக்க மொகத்துல முழிக்காதீங்க. வள்ளத்தைக் கெட்டுகது போல கயிறு கெட்டி அந்தப் பக்கமா இழுங்க."

"எட்டி, எனக்கு அந்தக் கெட்டு எங்க தெரியும்?"

எனக்குப் பின்னால் நின்ற மாமியார் சிரித்தார். "கடப்புறத்துக்காரிக்கு மீனும் வலையும் அல்லாம என்ன தெரியும்?"

காரோடு என்ற ஊர்ப்பக்கக் கடற்கரையில் பிறந்து பாறசாலைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இதைக் கேட்டுக்கேட்டு என் காது புளித்துவிட்டது. போனை மாமியார் கையிலேயே திணித்தேன். எங்கள் முற்றத்திலும் புன்னை நிற்கிறது. கிணற்றுக் கயிற்றை எடுத்து, கரையில் படகைக் கட்டும் அந்த முடிச்சைக் கொம்பில் போட்டுக் காட்டினேன். கொஞ்சங்கொஞ்சமாக இறுக்கலாம், இறுக்கிய இடத்தில் நிற்கும்.

"ஒரேயடியா இழுக்காதீங்க. ஈபிடிச்சான் திரும்பி வந்து கூட்டுல இருந்த பெறவு அடுத்த இழுப்பு."

அவரும் அப்படியே செய்தார். கடைசி இழுப்பில் கொம்பு மாடியை விட்டு விலகியது. ஆனால் பறந்துபோன தாய்ப்பறவை வரவில்லை. முட்டை ஆறிவிடுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமியாரும் போனைக் கீழே வைக்கவில்லை. இருட்டுவதற்குச் சற்று முன் அது வந்து, கூட்டின் விளிம்பில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே உட்கார்ந்தது. நான் கையைத் தட்டிக் கூவிவிட்டேன்.

மறுநாள் கீழே கான்கிரீட் எந்திரம் போட்ட சத்தத்துக்கும் அது அசையவில்லை. முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, ஒரு காலையில் கூட்டிலிருந்து எழும்பி அடுத்த கொம்புக்குப் பறந்ததை நானும் மாமியாரும் ஒரே போனில் பார்த்தோம்.

பார்த்த கையோடு மாமியார் வேலிக்கு ஓடினார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, தெருவே கேட்கும்படி சொன்னார்:

"அந்தக் குஞ்சு பறந்தது எனக்க மருமோளு கெட்டின கெட்டுனாலயாக்கும். அவ கடப்புறத்துக்காரியாக்கும்!"